ஓடாத வண்டிக்கு எண்ணெய்

என் முதல் பிள்ளையைக் கொன்றது காய்ச்சலும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. மாற்றாமல் விட்ட எஞ்சின் எண்ணெய். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கார் நின்ற கொட்டகையைப் பார்த்தபடி சோழவந்தானில் பல வருஷம் சோறு வடித்தவள் நான். எனக்குத் தெரியும்.

கார் என் மாமனாருடையது. கொடிக்காலில் வெற்றிலை செழித்த ஒரு வருஷம், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு துரையிடம் மதுரையில் வாங்கியது. கறுப்பு உடம்பு, பித்தளை ஹாரன், மடக்கி விரிக்கிற துணிக் கூரை. வாங்கிய புதிதில் கிருத்திகைதோறும் திருப்பரங்குன்றம் போவாராம். கல்யாண வீடுகளுக்குப் போவாராம். கூப்பிடு தூரத்தில் இருந்த கடைத்தெருவுக்கும் அதில்தான் போய் இறங்குவாராம். நான் மூத்த மருமகளாக வந்து சேர்ந்தபோது உலகச் சண்டை தொடங்கியிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், கார் கொட்டகைக்குள் போனது.

நின்றுபோன காருக்கு மரியாதை மட்டும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு முழம் கதம்பம் கட்ட வேண்டும். அது என் வேலை. பிறகு மாமனார் கற்பூரம் ஏற்றுவார். என் வீட்டுக்காரர் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றுவார். எஞ்சின் உறுமும், முற்றம் முழுக்கப் புகை நிரம்பும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கத்தான் இவ்வளவும். கற்பூரம் அணைந்ததும், "போதும், அமத்துடா" என்பார். கார் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

எண்ணெயை மாற்றுகிற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. ஒரு சொட்டு எண்ணெய் தரையில் சிந்தினால் லட்சுமி வெளியேறிவிடுவாள் என்று குதிக்கிற குடும்பம் அது. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி அரைக்கரண்டி எண்ணெய் கைமாற்றுக் கேட்டால்கூடக் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் காருக்கு அடியில் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கிற அத்தனை எண்ணெயையும் வெளியே விடுவார்களா? அதற்குப் பதிலாக ஆயுத பூசை அன்று, சாமி விளக்குக்கு வைத்திருக்கும் நல்லெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து எஞ்சினின் வாயில் ஊற்றுவார் மாமனார். அதோடு அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது.

எண்ணெயை மாற்றிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஓடாத வண்டிக்கு எதுக்குடா எண்ணெய்? ஓடுனாத்தானே தேயும்?" என்று முடித்துவிட்டார் மாமனார். மனுஷர்களுக்கும் அதே நியாயம்தான். நான் மாசமாக இருந்தபோது ராத்திரி ஒரு தம்ளர் பால் கேட்டதற்கு, "வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறவளுக்கு எதுக்குப் பாலு?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். பால் காப்பிக்குப் போனது. அவருடைய காப்பிக்கு.

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, அவசரத்துக்குக் கார் வேண்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்தது. மதுரையில் பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் கையில் ஒரு டின் புது எண்ணெய் இருந்தது. வாய் நிறையப் புகையிலை, பேச்சில் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. வந்ததும் வராததுமாகக் கோழி அடித்துச் சோறு போடுவீர்களா என்று கேட்டான். எஞ்சினிலிருந்து அளவுக் குச்சியை உருவி, அதில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து எல்லோருக்கும் காட்டினான். எண்ணெய் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பால் அதிகமாகிப்போன காப்பிபோல வெளுத்து, கூழாக இருந்தது. அவன் அதை மோந்து பார்த்தான்.

"என்னண்ணே இது, கடுகு போட்டுத் தாளிக்கலாம் போலிருக்கு!" என்று சிரித்தான்.

விரலை மாமனார் பக்கம் நீட்டினான்.

"ஓடுற வண்டியில எண்ணெய் சுடும், உள்ள இருக்கிற ஈரம் ஆவியாப் போயிரும். நீங்க வாரா வாரம் பூசை போட்டு உறும விட்டு, சூடேறுறதுக்குள்ள அமத்திர்றீக. அம்புட்டு ஈரமும் எண்ணெயிலதான் எறங்குது. நின்ன வண்டிக்கு வருசத்துக்கு ரெண்டு தரமாச்சும் மாத்தணும். இல்லைன்னா உறும விடாம சும்மா போட்டு வைங்க, அதுவே தேவலை."

அவன் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பானெட்டில் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டி, "இது எதுக்கு, எஞ்சினுக்குத் தலைவலியா?" என்றும் கேட்டுவிட்டான். மாமனார் முகம் கடுத்தது. "கார் வச்சிருக்கிறவனுக்குத் தெரியாதது, காரைத் தொடைக்கிறவனுக்குத் தெரியுமோ? வெளிய போடா!" என்று கத்தினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் என் வீட்டுக்காரரிடம், "மாப்ள, அவசரம்னு இதை நம்பிராத" என்று சொல்லிவிட்டுப் போனான். புது எண்ணெய் டின்னை மாமனார் பரணில் ஏற்றினார். ஆயுத பூசைக்கு ஆகுமாம். என் வீட்டுக்காரர் அதையும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

வலி விடியலில் கண்டது. மருத்துவச்சி கை வைத்துப் பார்த்து, பிள்ளை கால் மாறி வருகிறது, தன்னால் ஆகாது, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். ஸ்டேஷன் எங்கள் தெருக் கோடியில். காலை ரயிலுக்கு நேரமும் இருந்தது.

"ரயில்ல கூட்டிட்டுப் போயிர்றேன்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

"வீட்ல காரை வச்சுக்கிட்டு எம் மருமக ரயிலு கூட்டத்துல முக்கிக்கிட்டுப் போறதா? ஊரு காறித் துப்பாது?"

மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் எலுமிச்சம்பழம் எடுத்து வரப் போனாள். நான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, அவர்கள் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் அணையும்வரை காத்திருந்தார்கள். பிறகுதான் கார் புறப்பட்டது. என் வீட்டுக்காரர் ஓட்டினார். மாமனார் முன்சீட்டில், சரிகைத் துண்டோடு.

பாதி வழியில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. மாமனார் அதைக் கேட்டார். என் கூச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தும் அவர் காதுக்கு அதுதான் கேட்டது. "மெல்லப் போடா, வண்டி கெட்டுரும்" என்றார். அந்தக் கோழையும் மெல்லப் போனார். சமயநல்லூருக்கு முன்னால் ஏதோ அறுந்ததுபோல ஒரு சத்தம், கார் குலுங்கி நின்றது. கம்பியைப் போட்டுச் சுற்றினால் சுற்றவே முடியவில்லை. எஞ்சின் இறுகிவிட்டது.

மாமனார் இறங்கி பானெட்டைத் திறந்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டார். பிறகு தோள் துண்டை எடுத்து எஞ்சினுக்கு விசிற ஆரம்பித்தார். பின்சீட்டில் வேர்வையிலும் உதிரத்திலும் நனைந்து கிடந்த நான் அதைப் பார்த்தேன். எனக்கு விசிற அந்த இடத்தில் ஆள் இல்லை.

அப்போதுதான் பக்கத்துத் தண்டவாளத்தில் காலை ரயில் போனது. காரைக் கண்ட சந்தோஷத்தில் ஜன்னல்களிலிருந்து கை ஆட்டினார்கள். மாமனார் விசிறுவதை நிறுத்தி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தானே விரும்பி வண்டியை நிறுத்தியவர்போல நிமிர்ந்து நின்றார்.

வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டிக்காரர்தான் பாரத்தை ரோட்டோரம் தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. "கால் மாறி வர்ற பிள்ளையை வச்சுக்கிட்டு யாராச்சும் மாட்டு வண்டியில வருவாகளா? ரயில் இல்லையா உங்க ஊர்ல?" என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று மாமனார் கொட்டகையில் இருந்தார். இரண்டு ஜோடி மாடு பூட்டிக் காரை இழுத்து வந்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "வருத்தப்படாதத்தா. பிள்ளை இன்னொன்னு பெத்துக்கலாம். சண்டை முடியாம இந்த எஞ்சினுக்குச் சாமான் சீமையிலருந்து வருமா, சொல்லு" என்றார். என்னைத் தேற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். அந்த நிமிஷம் அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை எழுத எனக்கு வார்த்தை போதாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தப் பிணத்துக்கு நான்தான் சந்தனம் வைத்தேன்.

சண்டை முடிந்தது. எஞ்சினுக்குச் சாமான் வரவில்லை. ஒரு தை மாதம் கொடிக்காலில் நின்றுகொண்டிருந்த மாமனார் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. மேலூரிலிருந்து வந்த வைத்தியர் ஒரு பெரிய சீசாவில் தைலம் கொடுத்தார். தினமும் சுட வைத்து உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டும், "நடமாடுற உடம்பு தன்னைத் தானே பாத்துக்கிரும். கெடக்குற உடம்புக்குத்தான் எண்ணெய் விடாமப் போடணும், இல்லைன்னா இறுகிரும்" என்றார். மாமியாருக்குக் கை நடுக்கம். தைலம் தேய்க்கிற வேலை என்னிடம் வந்தது.

மறுநாள் காலை சீசாவோடு அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். வேட்டியை விலக்கிக் காலை நீட்டிவிட்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றார். சீசாவைத் திறந்து மோந்து பார்த்தேன். திரும்ப மூடினேன்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு மாமா எண்ணெய்?" என்றேன். "ஆயுத பூசை வரட்டும். ஒரு கரண்டி ஊத்துறேன்."

அவருக்குப் புரிந்தது. இடது கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் நிலைப்படியை விட்டு நகர்ந்து போனார். சீசாவைப் பரணில் அந்த எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆயுத பூசை புரட்டாசியில் வரும். ஆடி மாதமே அவர் போய்விட்டார். கையும் காலும் மடக்க முடியாமல் இறுகியிருந்தன, முதுகு முழுக்கப் புண். முற்றத்தில், கொட்டகைக்கு எதிரே, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துக் குளிப்பாட்டினார்கள். தலைக்கு வைக்க நல்லெண்ணெயும் சீயக்காயும் கிண்ணங்களில் வந்தன. மூத்த மருமகள் முதலில் வைக்கட்டும் என்று ஊர்ப் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள்.

தாராளமாகவே வைத்தேன்.