ஆயுத பூசையும் மெயின் சுவிட்சும்

ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த மிளகாய் அரைக்கும் மில்லில் செருப்புக்கு அனுமதி கிடையாது. அரைப்பது சாப்பாட்டுச் சாமான், சுவரில் இருப்பது சாமி. ஆகவே எல்லாரும் வெறுங்காலோடுதான் உள்ளே நடமாடுவோம். முதலாளியை அண்ணே என்போம், அவர் மனைவியை அக்கா என்போம்.

வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அண்ணனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு நேரமில்லை, கல்லாவில் இருந்த என்னை அனுப்பிவைத்தார். மின்சாரம் தாக்கியவரைத் தொடக் கூடாது, முதலில் மெயின் சுவிட்சை அடைத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும், ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு வந்து அவரிடம் ஒப்பித்தேன். "நல்லா படிச்சிட்டு வந்திருக்கியே" என்று பாராட்டினார். அதோடு சரி. ஆபத்தென்றால் தானே மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி ஒன்று மெயின் பெட்டியில் இருந்தது. அது அடிக்கடி வெட்டி அரவையைக் கெடுக்கிறது என்று, ஆள் வைத்துக் கழற்றிப்போட்டவரும் அவர்தான்.

ஆயுத பூசையன்று மில்லைக் கழுவி, இயந்திரங்களுக்குப் பொட்டு வைப்போம். அந்த வருடம் அண்ணனுக்குப் பக்தி கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்த கலர் விளக்குச் சரத்தை மிளகாய் இயந்திரத்தின் மேல் சுற்றி எரியவிட்டார். அதன் வயர் ஓரிடத்தில் தோல் உரிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மெயின் பெட்டியும் ஆயுதம்தானே? அதற்கும் ஒரு பெரிய செவ்வந்தி மாலை. மாலைக்கு முன்னால் சாமி படம். வருடம் முழுவதும் எங்களை ஒன்றும் செய்யாத இயந்திரம், கும்பிடப் போன நாளில் பிடித்துக்கொண்டது.

சந்தனம் குழைத்த ஈரக் கையை அக்கா இயந்திரத்தில் வைத்தார். எடுக்கவில்லை. உடம்பு வெடவெடத்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. அண்ணன் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். தரையெல்லாம் தண்ணீர். நான் பின்னாலிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதீங்க அண்ணே! தொட்டா நீங்களும் போயிருவீங்க!"

நின்றுவிட்டார். நான் வாசலுக்கு ஓடி, காலில் அகப்பட்ட சிலிப்பரை மாட்டிக்கொண்டு மெயின் பெட்டியைப் பார்த்து ஓடிவந்தேன். மனைவியின் உயிர் ஊசலாடுகிறது. அந்த நேரத்திலும் அண்ணனின் வாய் பழக்கத்தை விடவில்லை.

"சிலிப்பர கழட்டிட்டுப் போ லா! சாமி இருக்கு!"

சாமி படத்தை நகர்த்தி, மாலையைப் பிய்த்து எறிந்து, மெயினை அடைத்தேன். அக்கா சுருண்டு விழுந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மில்லைத் திறந்துவிட்டோம். "சாமிதான் காப்பாத்திச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னார். நான் சிலிப்பரோடு நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தீட்டுக் கழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பிழைத்தாரே, போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவைப் பார்க்கப் போனபோது அவருடைய வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன் தேத்தண்ணீர் வாங்க வெளியே போனதும், அக்கா தணிந்த குரலில் சொன்னார்:

"எனக்கு எல்லாம் தெரிஞ்சிச்சு தங்கச்சி. பேசத்தான் முடியல. அவரு தள்ளி நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"நான்தான் அக்கா இழுத்துப் பிடிச்சேன். அவரு தொட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. அவரு நின்னதுதான் சரி."

"சரிதான். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு." கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டார். "மொளகா மூட்டய ஒத்தத் தோள்ல தூக்குற மனுஷன். நீ பிடிச்சா, உதறிட்டு வர முடியாதா அவருக்கு?"

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் இடது கையைப் பிடித்தார். அக்கா அதை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?" என்று பதறிப்போய்க் கேட்டார் அண்ணன்.