வெங்காய அறையில் எடுத்த படம்

எனக்குப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு மூக்கடைத்த குரல். முகம் தெரியாது. திருச்சியில் எங்கோ இருந்த ஒரு மிஸ், வாட்ஸ்அப் குழு ஒன்றில் திங்கட்கிழமை காலையில் குரல் செய்தி போடுவார். அந்த வாரம் எடுக்க வேண்டிய படம் என்ன என்பது அதில் இருக்கும். சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் திட்டுவார். அனுப்பாவிட்டால் கண்டுகொள்ள மாட்டார். திட்டு வாங்குவதற்காகவே நான் விடாமல் அனுப்பினேன். அதுவரை என்னை யாரும் இவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை.

போன் என்னுடையது அல்ல. அப்பாவின் தங்கை, என் அத்தையுடையது. கல்லூரியில் கூடப் படித்தவள் யாரோ அவளை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். அத்தைக்கு அதில் ஆர்வம் இல்லை. நான் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் கிடந்தேன். செட்டிகுளத்தில் கோடை விடுமுறை என்றால் வெயிலும் சின்ன வெங்காயமும்தான். போனை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம், உங்கள் ஊரைக் காட்டுங்கள் என்றார். நான் மலைக்கோயிலை எடுத்து அனுப்பினேன். வாலிகண்டபுரத்திலிருந்து ஒருவர் சிவன் கோயிலை அனுப்பினார். குழுவில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கோபுரத்தை அனுப்பியிருந்தார்கள். மிஸ் ஒரே வரியில் முடித்துவிட்டார். "கோயில் எங்கயும் ஓடிப் போகாது, உங்க வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

அடுத்த வாரம் ஒரே பொருளைப் பல விதமாக எடுக்கச் சொன்னார். நான் பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிறுத்தி, படுக்க வைத்து, கவிழ்த்து, வாய்க்குள்ளே போனை விட்டு எடுத்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தேடி அலைந்துவிட்டு வந்து, "கொடத்துக்கு என்னடி கல்யாணமா, இத்தன போட்டோ?" என்று தலையில் ஒரு கொட்டு வைத்தாள். அதற்கடுத்த வாரம் நிழல் மட்டும். நான் கோழியின் நிழலுக்குப் பின்னால் ஓடினேன். கோழியும் ஓடியது.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு போட்டோ விவகாரமும் நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அத்தை கருப்பு. அப்பா கருப்பு. நானும் கருப்புதான். வெங்காயக் காட்டில் காலை முதல் மாலை வரை நிற்கிற ஊரில் வேறு என்ன நிறத்தில் இருப்பார்கள்? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளும் கருப்பு. அவர்களுடைய அம்மாக்கள் எங்களைவிடக் கருப்பு. ஆனால் பெண் மட்டும் சிவப்பாக வேண்டும். இந்த அநியாயத்தை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பெரம்பலூருக்கு பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே அத்தையின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்து, பின்னால் ஒரு அருவியை ஒட்டிக் கொடுத்தார்கள். படத்தில் இருந்தது யார் என்று எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அத்தையின் தோடு மட்டும்தான் அத்தையுடையது.

அந்தப் படத்தை வாங்கிப்போன தரகர் வாராவாரம் யாரையாவது கூட்டி வந்தார். மாப்பிள்ளைகளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே வந்தார்கள். வந்து, பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு, அத்தையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனார்கள். ஊருக்குப் போன பிறகு சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. மிச்சக் கேசரி எனக்குத்தான்.

அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறொன்றுக்கு வேண்டியிருந்தது. பெரம்பலூரில் அரசு வேலைத் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி வகுப்பு நடந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அப்பா போகக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "தாராளமா போ, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் வூட்டுல இரு" என்றுதான் சொன்னார். பெண் பார்க்க வாராவாரம் வந்தார்கள். அத்தை பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். மற்ற நாட்களில், விதை வெங்காயம் பரப்பி வைத்திருந்த பின்னறையில் போய் உட்கார்ந்து படிப்பாள். அந்த நெடிக்கு வேறு யாரும் உள்ளே வர மாட்டார்கள். தேர்வு தை மாதம் என்று சொன்னாள். வயது வரம்பில் அவளுக்கு அது எத்தனையாவது வாய்ப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வகுப்புக்குப் போகாமல் கணக்கு பிடிபடவில்லை என்று அம்மாவிடம் புலம்பியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக அரியலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. அவனுடைய அம்மா, கையில் இருந்த ஸ்டுடியோ படத்தை அத்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பஸ்ஸில் கண்டக்டர் பாஸ் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தாள். "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்றாள். அத்தை தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கட்டை விரல் மட்டும் சிமெண்ட் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு நிதானமாக இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள். இன்று நினைத்தாலும் அந்தத் தட்டைப் பிடுங்க வேண்டும் போல இருக்கிறது.

அவர்கள் போன மறுநாள் திங்கட்கிழமை. மிஸ்ஸின் குரல் வந்தது. இந்த வாரம் ஒரு மனிதரை எடுங்கள். வெளிச்சம் ஒரே ஒரு ஜன்னலிலிருந்து மட்டும் வர வேண்டும். பிளாஷ் கூடாது, பியூட்டி மோடு கூடாது, எடுத்த பிறகு எதையும் மாற்றக் கூடாது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை வெங்காய அறைதான். அத்தை அங்கே பொது அறிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கம்பி வழியாகக் காலை வெயில் வெங்காயத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து மங்கிய ரோஸ் நிறத்தில் அவள் ஒரு கன்னத்துக்கு வந்தது. இன்னொரு கன்னம் நிழலில் இருந்தது. தலைமுடியில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. நான் கூப்பிட்டேன். அவள் புத்தகத்திலிருந்து பாதி நினைவில் நிமிர்ந்தாள். எடுத்தேன்.

அது நல்ல படம். அடக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ படம் எடுத்துவிட்டேன், அது போல ஒன்று வரவில்லை. அதில் அத்தை, அத்தையாகவே இருந்தாள். மிஸ்கூட அதற்குத் திட்டவில்லை. "யார் இவங்க? என்ன படிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் தரகர் வந்து, பழைய படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்றார். அப்பா மறுபடி ஸ்டுடியோ என்று ஆரம்பித்தார். அத்தை குறுக்கிட்டு, போனிலேயே நல்ல படம் இருக்கிறது, தானே தரகருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அவருக்கு மோட்டார் போட நேரமாகிவிட்டது. சரி என்று போய்விட்டார்.

அத்தை என்னை வெங்காய அறைக்குக் கூப்பிட்டு, காலையில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இத விட இருட்டா ஒண்ணு இருக்கா?"

இல்லை என்றேன்.

"ஆக்க முடியுமா?"

முடியும், ஆனால் ஆக்கக் கூடாது, மிஸ் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் கேட்கவில்லை. எந்த இடத்தில் விரலை வைத்து இழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தானே இழுத்தாள். ஜன்னல் வெளிச்சம் செத்துப்போனது. கன்னத்தில் இருந்த ரோஸ் போனது. மடியில் இருந்த புத்தகம் தெரியாதபடி படத்தைக் கீழே வெட்டினாள். வெங்காயச் சருகை மட்டும் விட்டுவைத்தாள். தூரத்தில் பார்த்தால் அடுப்படியிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கெடுத்துட்டியே அத்த."

"அந்த ஆளுக்கு இது போதும்டி" என்று சொல்லி, தரகருக்கு அனுப்பிவிட்டாள். ரசனை இல்லாதவள் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அத்தை காலையில் பையை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போனாள். வாசலில் என்னைப் பார்த்து, "ஏ போட்டோக்காரி, போயிட்டு வரேன்" என்றாள். வீட்டில் கேசரி வாசனையே இல்லாமல் போயிற்று. ரவை டப்பாவில் வண்டு வந்துவிட்டதென்று அம்மா கொட்டிப் புடைத்தாள். ஆவணி வந்தது, ஐப்பசி வந்தது, ஒரு ஈ காக்கை எங்கள் வாசலுக்கு வரவில்லை. நல்ல வரன் எல்லாம் எங்கே போய்விட்டது என்று அப்பா வானத்தைப் பார்த்துக் கேட்டார். மழைக்கும் மாப்பிள்ளைக்கும் அவர் ஒரே மாதிரிதான் வானத்தைப் பார்ப்பார்.

தை மாதம் அத்தை தேர்வு எழுதினாள். அது முடிந்து சில நாள் கழித்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அப்பா தரகரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். தரகர் தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாராம். இதை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன் என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏ புள்ள, தரகர்ட்ட இருக்குற படம் நீ எடுத்ததா?"

நான் எடுத்ததுதான், ஆனால் நான் எடுத்தது அப்படி இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அப்பா கையை ஓங்கிவிட்டார். அத்தை பீரோவுக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அண்ணே, அவள ஏன் வையிற? நான்தான் அனுப்புனேன். நான் கருப்பு, படமும் கருப்பு. இதுல பொய்யி என்ன இருக்கு?"

"அதப் பாத்தா எவன் வருவான்?"

"ஆமாண்ணே" என்றாள் அத்தை. "ஒருத்தரும் வரல."

அப்பா கையை இறக்கிவிட்டார். துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அத்தை இன்னும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

நான் ஓடிப்போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். என் படத்தால் அத்தைக்குக் கல்யாணம் நின்றுபோனது, அதனால் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். இனிமேல் போனைத் தொடவே மாட்டேன் என்று சொன்னேன். அத்தை முகத்தைத் திருப்பாமலே என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது. நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

அத்தை தேர்வில் தேறினாள். உடையார்பாளையம் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. பிறகு கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். போட்டோ கேட்காத ஆள். சென்ற வருடம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய மெமரி கார்டில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வெளிச்சமானது ஒன்று, இருட்டானது ஒன்று. எதற்காக அப்படிச் செய்தாய் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வேணும்ல" என்றாள். அவ்வளவுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தோள் குலுங்கச் சோற்றைப் போட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பீரோ முன்னால் நின்ற அந்த முதுகையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் முகத்தைத் திருப்பவில்லை. மிஸ் மட்டும் அந்த வாரம் முதுகை எடுக்கச் சொல்லியிருந்தால், நான் எடுத்து, அழுகிற பெண் என்று கீழே எழுதி அனுப்பியிருப்பேன்.