ஸ்பிரிங்வெளியில் பால் ஊற்றாத தேநீர்

தை பிறந்ததும் இலங்கைக்குப் போனோம். சுற்றிப் பார்க்க இல்லை, பெண் கேட்க. என் தம்பி சிவா கொழும்பில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் மகேஸ்வரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவள் வீட்டில் பேசி முடிக்கத் திருச்சியிலிருந்து அம்மாவும் நானும் கிளம்பினோம்.

கொழும்பில் சிவாவும் சேர்ந்துகொண்டான். அங்கிருந்து பதுளைக்குப் பேருந்தில் ஏழரை மணி நேரம். (வளைவுகளில் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.) மறுநாள் காலை முருகன் கோயிலில் அர்ச்சனை முடித்து, மகேஸ்வரியின் வீடு இருக்கும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கூட்டிவர 4,500 இலங்கை ரூபாய்.

மகேஸ்வரியின் அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் முன்னறையில் நெருக்கி உட்கார்ந்தோம். கண்ணாடி கிளாஸில் தேநீர் வந்தது. பால் இல்லை.

"நெறத்தப் பாருங்க," என்று அவள் அப்பா ஒரு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இவ பறிச்ச கொழுந்து. பால ஊத்துனா இந்தச் செவப்பு செத்துப்போயிருங்க."

எங்கள் பக்கம் வெள்ளைதான் இனிப்பு: பால், பாயசம். பால் சேராத கடுங்காப்பி துக்க வீட்டில் கொடுப்பது, பார்க்கும்போதே நாக்கில் கசப்பு ஏறும். அவர்களுக்கோ அந்தச் சிவப்பைப் பார்த்தாலே தித்திக்கிறது. அம்மா கண்ணுக்கு அது சிவப்பாகவே தெரியவில்லை.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எழவு வீட்டுக் காப்பியா?" என்றாள் என் காதில். சின்ன அறை. எல்லோருக்கும் கேட்டது.

நான் மடமடவென்று குடித்தேன். அவ்வளவு சர்க்கரை! "இனிப்பா இருக்கும்மா, குடி," என்றேன். அம்மா கிளாஸைத் தரையில் வைத்துவிட்டாள். சிவா தினமும் கொழும்பில் குடிப்பது இதைத்தான். ஆனாலும் அம்மா முகத்தையே பார்த்தபடி கிளாஸைக் கையில் வைத்திருந்தான்.

மகேஸ்வரி அவன் முன்னால் வந்து நின்றாள். "ஆறிப்போச்சு. குடுங்க."

"இல்ல மகேஸ், அம்மா வந்து..."

"அவங்களுக்குப் புதுசு, அவங்கள ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்குமா புதுசு?"

கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. சம்பந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் அப்பா மட்டும் மரியாதை குறையாமல் ஆட்டோ வரை வந்தார்.

"என்னாங்கம்மா, அதுக்குள்ளயா?" என்றார் ஆட்டோக்காரர். நாங்கள் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். மறுநாள் மகேஸ்வரியிடமிருந்து சிவாவுக்கு ஒரே வரியில் மறுப்பு வந்தது.

நிறத்துக்கு ருசி ஊருக்கு ஊர் மாறும், அதில் குற்றமில்லை. இதே மாதிரி காரியமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்வெட்டர் அவசியம். பூவும் பழமும் பதுளைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். வாய் திறக்கத் தெரிந்த மாப்பிள்ளையைத்தான் கையோடு கூட்டிப் போக வேண்டும்.