சம்பந்திக்குச் சுக்குத் தண்ணீர்

வராமல் போன நோயைத் தடுத்தது யார் என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் விடை தெரியவில்லை. வந்திருந்தால் நோயைப் பற்றிப் பேசியிருப்பார்கள். வரவில்லை; அதனால் இன்றுவரை அப்பா கொடுத்த சுக்குத் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அப்பா சுகாதார ஆய்வாளர். நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டில் என் கல்யாணம் நெருங்கிய நேரத்தில், பக்கத்து ஊர் ஒன்றில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் இல்லை. "வந்தபெறகு ஓடுறது என்ன வேலை? வாரதுக்கு முந்தி வாசல்ல நிக்கணும்" என்பது அப்பாவின் பேச்சு. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்தார். வீட்டில் எல்லாருக்கும் ஊசி போட வைத்தார். எனக்குக் கை வீங்கி ரவிக்கை ஏறவில்லை. கொதிக்காத தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பந்தலுக்குள் வரக்கூடாது என்று சமையல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒக்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நல்ல வெயிலில் வந்து இறங்கினார்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்த பானகம் கொடுப்பதுதான் வழக்கம். அப்பாவோ ஆவி பறக்கும் சுக்குத் தண்ணீரை நீட்டினார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. மாப்பிள்ளையின் அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது கல்யாண வீடா, பிள்ளை பெத்த வீடா?"

"வண்டியத் திருப்புங்கப்பா" என்றது இன்னொரு குரல். தலை நிறையப் பூவோடு உள்ளே இருந்த நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

அப்பா பானகம் கரைக்கச் சொல்லவில்லை. "பக்கத்து ஊர்ல பேதி கெடக்கு. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனா, நாளைக்கு உங்க வாசல்ல வந்து விழுந்து கூப்பிட்டுக்கிருவேன். வாந்திபேதி கொண்டுபோயிருச்சுன்னா யார் வாசல்ல வந்து நிக்கட்டும்?" என்றார்.

மாமனார்தான் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இனிப்புப் பத்தலை சம்பந்தி. கருப்பட்டியப் போட்டு இன்னொண்ணு குடுங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தையும் குடித்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை, கிருமியே எங்கள் ஊர்ப்பக்கம் வராமல் இருந்திருக்கலாம். மகளின் கல்யாணத்தைப் பணயம் வைத்தது சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனாலும் யோசித்து முடிக்கும்போது பெருமைதான் மிஞ்சுகிறது. ஊராருக்குச் சொன்ன ஒன்றைத் தன் வீட்டு விசேஷத்துக்கென்று அவர் தளர்த்தவில்லை.

அடுத்த மாதம் ஒக்கூரில் என் மகளுக்குக் காதுகுத்து. அக்கம்பக்கத்தில் வயிற்றுப்போக்கு என்கிறார்கள். நான் வாய் திறக்குமுன்பே மாமியார் சிரிக்கிறார்: "உங்கப்பா கூத்தை இங்குட்டும் கொண்டாந்துறாத ஆத்தா." சிரிப்புத்தான், ஆனால் எச்சரிக்கையும்தான். அப்பாவிடம் சொன்னால் கிளம்பியே வந்துவிடுவார். அது இன்னும் பயம். கைக்குழந்தைகள் நிறைய வருவார்கள். அதனால் கொதித்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று மாமியாரிடம் நானே சொல்லத்தான் போகிறேன். ஒரு மருமகள் இதை எப்படிச் சொன்னால் பெரியவர்கள் முகம் வாடாமல் கேட்பார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், விசேஷத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.