தவறிப்போகாத பிள்ளை

தையல்காரி தன் வயிற்றில் சுமந்தது, பிள்ளைப்பேறு வாய்க்காத வேறொரு தம்பதியின் கருவை. வயிறு மேடிட்டுத் தெரியத் தொடங்கியதும், நாத்தனார் கடைக்கே வந்து வழி சொன்னாள்.

"பெத்துக் குடுத்துட்டு, குழந்தை தவறிப்போச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. இப்படிச் சுமக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நாலு நாள் அழுதா ஊர் வாய் அடங்கிடும்."

"ஒரு வீட்ல தவழப் போற பிள்ளைய நான் எதுக்கு வாயாலயே சாகடிக்கணும்?"

"நம்ம மானம் போயிடுமே!"

"போறதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு?"

அந்நேரம் ரவிக்கைத் துணியுடன் படியேறிய எதிர்வீட்டு ஆசிரியை அவள் வயிற்றைக் கண்டு, "மூணாவதா?" என்று சிரித்தாள். நாத்தனாரின் கண்கள் கெஞ்சின. தையல்காரி அளவுநாடாவை உதறி நிமிர்ந்தாள்.

"இல்ல டீச்சர், இது வேற வீட்டுப் பிள்ளை. நான் சுமந்து குடுக்கிறேன். கையத் தூக்குங்க, அளவு எடுக்கணும்."