நாற்பத்தொன்றுக்குக் கொடுத்த வெல்லம்

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணை டாக்டரும் சிரித்தார், அன்றைக்கு ஏறிய ஆத்திரம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

உத்திரமேரூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் பன்றிகளுக்குத் தீனி வைப்பது என் வேலை. என் தங்கை ஸ்டெல்லாவுக்கு இதய வால்வு கெட்டுப்போய், திருப்புலிவனத்தில் நாற்று நடப் போனவள் வரப்பிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். பன்றி வால்வு வைக்கலாம் என்று பண்ணை டாக்டர்தான் சொன்னார். சாதாரணப் பன்றி உடம்பில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம், நம் ரத்தம் அதை எதிரி என்று நினைத்துத் தாக்குமாம், வைத்த வால்வு சீக்கிரம் வீணாகிவிடுமாம். எங்கள் பண்ணைப் பன்றிகள் அந்தச் சர்க்கரை இல்லாமல் பிறக்க வைத்தவை.

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஐயோ பாவம், உடம்பில் சர்க்கரையே இல்லாத ஜீவன் என்று நினைத்து, காதில் நாற்பத்தொன்று என்று நம்பர் போட்ட பன்றிக்குத் தினமும் மதியம் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். வெளித் தீனி கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வாளியை இரண்டு தட்டு தட்டினால் அது மட்டும் மூலைக்கு வந்து நிற்கும்.

ஒருநாள் நாற்பத்தொன்றை ஏற்றிப்போக வேன் வந்தது. ரத்தப் பரிசோதனைக்குத்தான், சாயந்திரம் திரும்பிவிடும் என்றார் டாக்டர். வாய் கூசாமல் சொன்ன பொய். அது எனக்கும் தெரியும், தெரிந்தே தவிட்டு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தங்கை பிழைக்க வேண்டுமே.

வால்வைப் பதப்படுத்த நாளாகுமாம், மூன்று மாதம் கழித்துத்தான் தங்கைக்கு ஆபரேஷன் ஆனது. எந்தப் பன்றியின் வால்வு என்று கேட்டேன், அதெல்லாம் உனக்கெதற்கு என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம், கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போன நான் பழக்கதோஷத்தில் வாளியை இரண்டு தட்டு தட்டிவிட்டேன். நம்பினால் நம்புங்கள், தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து மூலையில் நின்று கையை நீட்டினாள். டீக்குக்கூடச் சர்க்கரை வேண்டாம் என்கிறவள்.

"வெல்லம் எங்கண்ணா?"

நேராகப் பண்ணைக்கு ஓடினேன். மயக்க மருந்து வேலை, அப்படித்தான் ஏதாவது உளறுவார்கள் என்று டாக்டர் சிரித்தார். மயக்க மருந்து அவளுக்குக் கொடுத்தீர்கள், நாற்பத்தொன்றுக்கு வெல்லம் கொடுத்தது என் கையாயிற்றே, அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதே கோபத்தில் வீட்டுக்கு வந்து, உனக்கு யார் சொன்னது என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"வேன் வந்த அன்னிக்கு ஏண்ணா வரல? மூட்ட பின்னாலதான நின்னுக்கினு இருந்த, நான் கூப்ட்டுக்கினே இருந்தேன்."

இப்போது அவள் மூச்சு வாங்காமல் நாற்று நடுகிறாள். அப்படிக் கேட்டதே ஞாபகம் இல்லை என்கிறாள். நான் இன்றைக்கும் வீட்டில் வாளியைச் சத்தம் வராமல்தான் கீழே வைக்கிறேன்.