மாப்பிள்ளை என்று தொடங்கிய மெயில்

மெயில் போய் டீ வருவதற்குள், எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் ஓபன் ரேட் அதுவரை நாங்கள் பார்க்காத உயரத்துக்குப் போய்விட்டது. நாகராஜன் சார் கீழே ஆள் அனுப்பி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார்.

குத்தாலத்தில் ஒரு அரிசி மில்லின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே டம்ளர் நடுங்கும். பாரம்பரிய நெல் ரகங்களை வாங்கி, அரைத்து, வெளியூர், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆன்லைனில் விற்பது தொழில். சார் முதலாளி. வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்:

"சுமதி, உள்ள என்ன வேணா எழுதிக்க. சப்ஜெக்ட் லைன் மட்டும் என்னைக் கேக்காம போடாத. வாசல்ல நிக்கிறவன் சிரிச்ச முகமா இருந்தாத்தான் உள்ள வாங்கம்பாங்க."

மெயிலின் தலைப்பு வரியான அந்த சப்ஜெக்ட் லைன் எழுதுவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. வண்டியில் போகும்போது ஏதாவது தோன்றினால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எனக்கு போன் போடுவார்.

அந்த வருஷம் மாப்பிள்ளைச் சம்பா என்ற நெல் ரகம் நன்றாக விளைந்திருந்தது. கேட்ட விவசாயிகளிடமெல்லாம் நெல்லை எடுத்துக்கொள்வதாக சார் வாக்குக் கொடுத்துவிட்டார். குடோன் நிரம்பி, மூட்டைகள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. விற்றே ஆக வேண்டும். அப்போது அவர் எழுதிய வரி: "மாப்பிள்ளை ரெடி. பொண்ணு வீட்டுல சொல்லிடுங்க." எனக்கும் சிரிப்பு வந்தது. அனுப்புநர் இடத்தில் கம்பெனிப் பெயரைவிட ஆள் பெயர் இருந்தால் நெருக்கமாக இருக்கும் என்று "நாகராஜன், குத்தாலம்" என்றே வைத்திருந்தோம்.

பஜ்ஜி வந்த நேரத்தில் மஸ்கட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். குடவாசல்காரர். எங்களிடம் அரிசி வாங்குகிறவர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. என் பொண்ணுக்கு ரொம்ப நாளா வரன் பாக்குறோம். குத்தாலத்துல ஒருத்தர்கிட்ட ஜாதகம் குடுத்து வச்சிருக்கோம். ஆபீஸ்ல வேலையா இருந்தேன். போன்ல குத்தாலம்னு பேரும், மாப்பிள்ளை ரெடின்னும் தெரிஞ்சிச்சு. ஊர்ல இருக்குற எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் மெயிலயே திறந்தேன். உள்ள அரிசி."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவரு அங்க எல்லாருக்கும் சொல்லிட்டிருப்பாரு" என்றார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "நம்பரப் போடும்மா" என்றார்.

"நாந்தாங்க நாகராஜன். அத எழுதுனது நாந்தான். விளையாட்டா எழுதிட்டேங்க. உங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு புரியுது." வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொல்ல வேணாம். அவரு நம்பரக் குடுங்க, நானே பேசுறேன்" என்றார்.

வீட்டுக்காரரிடமும் பேசினார். முதலில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு அறுப்பு, வைக்கோல், வாய்க்கால் என்று போனது. போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"கடைசில, கஞ்சிக்கு இந்த அரிசி நல்லாருக்குமான்னு கேட்டாரும்மா. மனுசன் என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் கேட்டாரு."

அன்றைக்கு யாரும் பஜ்ஜி சாப்பிடவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் பார்த்தேன். அத்தனை பேர் திறந்தும் வாங்கியவர்கள் சொற்பம். இனி மெயிலே வேண்டாம் என்று அன்சப்ஸ்கிரைப் செய்தவர்கள் மற்ற நாளைவிட அதிகம். சார் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்தத நீயே எழுது" என்றார்.

போனில் வரி பாதியில் வெட்டுப்படும் என்பதால் விஷயத்தை முன்னால் வைத்தேன்: "சிவப்பரிசி வந்தாச்சு: மாப்பிள்ளைச் சம்பா, புது அறுவடை." அனுப்புநர் இடத்தில் கம்பெனிப் பெயரையும் சேர்த்தேன்.

"சப்புன்னு இருக்கேம்மா."

"இருக்கட்டும் சார். இதத் திறக்குறவங்க அரிசிய நெனச்சுத்தான் திறப்பாங்க."

திறந்தவர்கள் முன்னைவிடக் குறைவு. ஆனால் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. கோடை முற்றுவதற்குள் வராந்தா காலியாகிவிட்டது. சார் யாரிடமும் வாக்குத் தவறவில்லை.

அவர் வேடிக்கையாக எழுதுவதை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால், "யாரு திறக்கப் போறா, ஒரு ஆளச் சொல்லு" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார். கோடியக்கரை உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளரைச் சொல்வேன். "வெயில்ல நின்னு பாப்பாரு. நீட்டாத" என்பார். வரி பாதியாகும்.

இப்போது என் கீழே நாலு பேர் எழுதுகிறார்கள். எத்தனை எழுத்து இருக்கலாம், இரண்டு தலைப்பை அனுப்பி எது எடுபடுகிறது என்று பார்க்கும் ஏ/பி டெஸ்ட் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் அவர்களே எனக்குச் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான். லிஸ்ட்டிலிருந்து ஒரு பெயரை எடுங்கள். அந்த ஆள் இந்த நேரத்தில் எங்கே இருப்பார், எந்தச் சேதிக்காகக் காத்திருப்பார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் சென்ட் அழுத்துங்கள்.